மூட்டுவலி வந்த ரோபோக்கள்

சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலையின் ஒரு முனையில், 10ஆம் எண்ணில் சிம் லிம் டவர் நிற்கிறது. மின்தடை, கெபாசிட்டர், சாலிடர் கம்பி என்று மின்னணு உதிரிபாகங்களுக்குப் பேர்போன கட்டடம். மறுமுனை லவெண்டர் பக்கம். நடுவில் பழைய கடைவீடுகளின் கீழ்த்தளங்களில் திருகாணியும் குழாயும் பெயிண்டும் கிரீஸும் விற்கும் ஹார்டுவேர் கடைகள். ஒரு பிளாஸ்டிக் ரோபோவைக் காப்பாற்றத் தேவையான சாமானெல்லாம் இந்தச் சாலையில் கிடைக்கும். அதை ஒரே மாலையில் நாசமாக்கும் சாமானும் அதே கடையில், அதே அலமாரியில்தான் இருக்கும்.

சாலையை ஒட்டிய சுங்கை ரோட்டில் 2017 ஜூலை 10 வரை ஒரு பழம்பொருள் சந்தை நடந்தது. தரையில் படுதா விரித்துப் பழைய கைக்கடிகாரம், கேமரா, இசைத்தட்டு, பொம்மை எல்லாம் பரப்பியிருப்பார்கள். பூமத்தியரேகையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில், நேர் உச்சி வெயிலில், மழை தூறினால் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, மறுபடி திறந்து. பொருள்களின் ஆயுளைச் சோதிக்க இதைவிடக் கடுமையான ஆய்வுக்கூடம் வேண்டாம். தேக்காவிலும் ஜாலான் புசாரிலும் உள்ள வீடுகள் அதைவிடக் கொஞ்சம் நிழலான ஆய்வுக்கூடங்கள், அவ்வளவுதான்.

ரோபோப் பிரியர்களில் இரண்டு கட்சி உண்டு. விமானமாகவும் லாரியாகவும் மாறுகிற உருமாறும் ரோபோக்களை முழுசாக வாங்கி அலமாரியில் சேர்ப்பவர்கள் ஒரு கட்சி. பாகம் பாகமாக வரும் கிட்டை வாங்கி, நிப்பரால் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்துபவர்கள் மறு கட்சி. எது உயர்ந்த கலை என்ற சண்டை என்றைக்கும் தீராது. நான் அதில் தலையிடப் போவதில்லை. எது இந்த ஊர்க் காற்றில் அதிக நாள் உயிரோடிருக்கும் என்ற கேள்விக்கு மட்டும் இயந்திரவியலும் வேதியியலும் பதில் வைத்திருக்கின்றன.

இரண்டு கட்சிக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். 1974இல் பொப்பி நிறுவனம் மாஸிங்கர் இசட் ரோபோவைத் துத்தநாகக் கலவையில் வார்த்து ‘சோகோகின்’ என்ற பெயரில் விற்றது. கையில் எடுத்தால் கனக்கிற ரோபோ பொம்மைகளின் காலம் அங்கிருந்து தொடங்கியது. 1980 ஜூலையில் பண்டாய் 300 யென் விலையில் 1/144 அளவு குண்டம் ரோபோ கிட்டை வெளியிட்டது. குண்டம் கிட்டுகளைப் பொருத்தும் கன்ப்ளா என்ற பெரும் வழக்கத்துக்கு அதுவே முதல் கல். 1982இல் மேக்ராஸ் தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதற்காக ஷோஜி கவாமோரி வடிவமைத்த விஎஃப்-1 வால்கிரி, எஃப்-14 டாம்கேட்டை ஒத்த போர்விமானம். கால் முளைத்த பாதி விமானமாகவும், பிறகு முழு மனித உருவாகவும் மாறும். டகடோகு நிறுவனம் அதை 1/55 அளவில் பொம்மையாகச் செய்தது. 1984இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ, ஜப்பானிய டகாரா நிறுவனத்தின் டயக்ளோன், மைக்ரோ சேஞ்ச் பொம்மைகளை வாங்கி ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்று பெயர் சூட்டியது. அடுத்த ஆண்டு டகடோகுவின் வால்கிரி அச்சிலேயே ‘ஜெட்ஃபயர்’ வந்தது. இந்த ஜெட்ஃபயரைப் பிறகு மஞ்சள் நிறத்தில் சந்திப்போம்.

முதலில் மூட்டு. உருமாறும் பொம்மையின் பெருமையும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன. விமானமாக இருக்கும்போது கால்களாக வேண்டியவை எஞ்சின்களாகப் பின்னால் கிடக்கின்றன. மனித உருவுக்கு வரும்போது அவை உடலின் முழு எடையையும் தாங்க வேண்டும். ஒரே கீல் ஒரு நிலையில் லேசாகச் சுழல வேண்டும், இன்னொரு நிலையில் அசையாமல் நிற்க வேண்டும். வடிவமைப்பாளர் இதற்குப் பூட்டும் கொக்கிகளும், பல்வைத்த ரேட்செட் மூட்டுகளும் வைப்பார். இடமில்லாத இடத்தில் வெறும் உராய்வை நம்புவார்.

அந்த உராய்வின் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரோபோவின் ஒரு கை 60 கிராம். அதன் எடைமையம் தோளிலிருந்து 5 சென்டிமீட்டர் வெளியே. கையைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கவைத்தால் தோளில் விழும் முறுக்குவிசை சுமார் 0.03 நியூட்டன் மீட்டர். அற்பம்தான். ஆனால் தோளின் பந்து மூட்டு 4 மில்லிமீட்டர் ஆரம் உள்ளது என்றால், அந்த முறுக்கைத் தடுக்கப் பந்தின் மேற்பரப்பில் தோராயமாக முக்கால் கிலோ எடைக்குச் சமமான உராய்வு விசை தேவை. உராய்வு எண் 0.3 என்று வைத்தால், குழி பந்தை இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமாக அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரவும் பகலும், கண்ணாடி அலமாரியில் யாரும் தொடாமல் நிற்கும்போதும்.

பிளாஸ்டிக் அப்படி நிரந்தரமாக அமுக்கிக்கொண்டிருக்கச் சம்மதிக்காது. எஃகு சுருள்வில் வருடக்கணக்கில் தன் விசையைக் காக்கும். பாலிமர்களோ நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். தொடர்ந்து விசை இருந்தால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வழுக்கிப் புது இடத்தில் அமர்ந்துவிடும். பொறியாளர்கள் இதை ஊர்வு என்பார்கள். குழி நூலிழை அகலும், அமுக்கம் குறையும், ஒருநாள் காலையில் பார்த்தால் நீட்டிய கை தொங்கிக் கிடக்கும். வெப்பம் கூடினால் ஊர்வும் கூடும். குளிரூட்டாத வீவக வீட்டில் பிற்பகல் 31, 32 டிகிரி என்பது பாலிமருக்குச் சுகமான வெயில் அல்ல.

இதற்குச் சேகரிப்பாளர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. பந்தின்மேல் ஒரு படலம் பூசிக் காயவைத்து மறுபடி மாட்டுவது. விட்டம் சில பத்து மைக்ரான் கூடும், பிடிப்பு திரும்பும். எதைப் பூசுவது என்பதில்தான் வேதியியல். நகப்பூச்சு எளிதில் கிடைக்கும், ஆனால் அதன் கரைப்பான்கள் ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் ஆகிய பிளாஸ்டிக்குகள் இரண்டையும் கரைக்கும். தரைக்குப் போடும் நீர்கலந்த அக்ரிலிக் பாலிஷ் நிதானமான மருந்து. சூப்பர் குளூ போடுபவர்கள் அது இறுகும்வரை மூட்டை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் அந்தத் தோள் அப்புறம் அசையவே அசையாது. பந்து பாலிஅசிட்டாலில் செய்யப்பட்டிருந்தால் எந்தப் பூச்சும் சரியாக ஒட்டாமல் உரிந்து வரும். வழுக்கலுக்காகவே தேர்ந்தெடுத்த பிளாஸ்டிக் அது.

எதிர்த் திசை நோயும் உண்டு: இறுகிப்போன மூட்டு. அதற்கு ஹார்டுவேர் கடைக்கு ஓடி, துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கும் பெட்ரோலிய எண்ணெயை வாங்கி வந்து அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். சிலிகான் கிரீஸ் மட்டும் போதும், அதுவும் பல்குத்தும் குச்சியின் நுனியளவு.

அடுத்தது உலோகம். சோகோகினின் கனம் துத்தநாகக் கலவையின் கனம். அதற்கு ஒரு பழைய சாபம் இருந்தது. கலவையில் துளி ஈயம் கலந்தாலும் படிகமணிகளின் எல்லைகளில் அது போய்ச் சேரும். ஈரக்காற்று அந்த எல்லைகள் வழியே உள்ளே நுழைந்து அரிக்கும். பொம்மை வீங்கி, வெடித்து, கடைசியில் பொடியாகும். மேலே பூசிய பெயிண்ட் அப்படியே இருக்க, உள்ளே உளுத்துப்போகும். இதன் காரணத்தை 1923இல் கண்டுபிடித்தார்கள். 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம், 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தையும் சுமார் 4 விழுக்காடு அலுமினியத்தையும் கொண்டு ஸமாக் என்ற கலவையைக் கொண்டுவந்தது. அதில் ஈயத்துக்கு அனுமதி சுமார் 0.005 விழுக்காடு, அதாவது ஒரு லட்சத்தில் 5 பங்கு. போருக்கு முந்தைய டிங்கி பொம்மைக் கார்கள் இந்த நோயில் போனவை ஏராளம். 1974க்குப் பிந்தைய ரோபோக்களின் காலத்தில் காரணமும் தெரியும், மாற்றும் தெரியும். ஆனால் தொழிற்சாலையில் யாராவது ஒரு நாள் ஈயம் கலந்த பழைய உலோகத்தைக் கொப்பரையில் போட்டிருந்தால் அந்த வார்ப்பு மட்டும் மாட்டிக்கொள்ளும். வெப்பமும் ஈரமும் இருக்கும் ஊரில் அதன் வேகம் அதிகம்.

ஈரம் என்றதும் நம் குளிரூட்டி காப்பாற்றும் என்று நினைக்கிறோம். பாதி உண்மை. 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். இரவெல்லாம் 22 டிகிரியில் குளிரூட்டியை ஓடவிட்டுக் காலையில் அணைத்து ஜன்னலைத் திறந்தால் நடப்பது அதுதான். மெல்லிய பிளாஸ்டிக் பாகங்கள் சட்டென்று சூடேறிவிடும். கனமான வார்ப்பு நெஞ்சும் பாதமும் குளிரை விடாமல் வைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அவற்றில்தான் படியும், அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் எஃகுத் திருகாணியிலும் படியும். கண்ணாடி அலமாரியை மூடிவைத்து, உள்ளே சிலிகா ஜெல் போடுவது இதற்காகத்தான். கேமராக்காரர்கள் வாங்கும் ட்ரை கேபினெட் வசதியானது. ஆனால் நூறு ரோபோ வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

இனி ஜெட்ஃபயர். வெள்ளை ஏபிஎஸ் உடம்போடு கடையைவிட்டு வந்தது, இன்று பல வீடுகளில் பழைய பல்லின் நிறத்தில் நிற்கிறது. ஏபிஎஸ்ஸில் உள்ள பியூட்டடையீன் ரப்பர்ப் பகுதிதான் அடி விழுந்தாலும் உடையாத தன்மையைக் கொடுக்கிறது. ஒளியும் ஆக்சிஜனும் முதலில் தாக்குவதும் அதையே. ஜன்னல் கண்ணாடி புற ஊதா ஒளியில் ஒரு பகுதியை மட்டும் தடுக்கும். நீண்ட அலைப்பகுதி உள்ளே வந்துவிடும். 2008 வாக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து ஒளியில் வைத்து வெளுக்கும் ரெட்ரோபிரைட் முறை பரவியது. நிறம் திரும்பும்; சில காலம் கழித்து மஞ்சளும் திரும்பலாம். வெளுப்பது தோலை மட்டும்தான், சிதைந்த ரப்பர் சங்கிலி ஒட்டப்போவதில்லை.

மினுக்கும் பொன்னிறப் பாகங்களின் கதை இன்னும் சோகம். 1980களின் இறுதியிலும் அதற்குப் பிறகும் வந்த சில டிரான்ஸ்ஃபார்மர்களில், பொன்துகள் சுழிசுழியாகக் கலந்த பிளாஸ்டிக் மெல்ல நொறுங்கும் தன்மை அடைகிறது. சேகரிப்பாளர்கள் இதை ‘கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம்’ என்று அழைக்கிறார்கள். பெட்டி பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்த பொம்மையை முதன்முதலாக உருமாற்றும்போதே தோள் உடைந்து கையில் வந்துவிடும். பெட்டியைத் திறக்காமல் வைத்தால் என்றும் புதுசு என்பது வியாபாரத்துக்கு நல்ல அறிவுரை; வேதியியலுக்கு ஒவ்வாதது. மென்மையான பிவிசி பாகங்களிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர், மூடிய பெட்டிக்குள் போக இடமின்றி அங்கேயே பிசுபிசுத்துக் கிடக்கும். பக்கத்தில் பாலிஸ்டைரீன் இருந்தால் அதை இளக்கிக் குழியாக்கும்.

பாலியூரித்தேன் ரப்பரைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அலமாரியில் பத்திரமாக எடுத்துவைத்த நல்ல செருப்பு, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு கிளம்பியதும் அடிப்பாகம் உதிர்ந்து சிராங்கூன் சாலையில் துண்டுதுண்டாகக் கிடந்த அனுபவம் பலருக்கு இருக்கும். காற்றின் நீர் அந்த ரப்பரின் இணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. ரோபோவின் மென்ரப்பர் மூட்டுறையிலும் அதே பாலியூரித்தேன் இருந்தால் அதே முடிவுதான். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் இவோன் ஷாஷுவா 2008இல் எழுதிய ‘கன்சர்வேஷன் ஆஃப் பிளாஸ்டிக்ஸ்’ இத்துறையின் அடிப்படை நூல். அருங்காட்சியகங்களை அதிகம் படுத்தும் பிளாஸ்டிக்குகள் என்று பாதுகாப்பாளர்கள் சொல்லும் நான்கில் பிவிசியும் பாலியூரித்தேனும் இருக்கின்றன. மற்ற இரண்டும் பழைய செல்லுலோஸ் வகைகள். ஜாலான் புசாரிலிருந்து தெற்கே சியா ஸ்திரீட்டில் 2007இல் திறந்த மிண்ட் பொம்மை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே நிறைந்திருக்கும் தகர பொம்மைகளைப் பார்க்கும்போது, தகரம் எவ்வளவு நேர்மையான பொருள் என்று தோன்றும். துருப்பிடித்தால் கண்ணில் தெரியும்.

கிட் கட்சிக்கு வருவோம். கிட் வாங்குபவர் தொழிற்சாலையின் கடைசித் தொழிலாளி. தவறுகளில் பாதி அவர் கையில் நடப்பவை. நிப்பர் வைத்து, பாகங்கள் ஒட்டிவரும் சட்டமான ரன்னரிலிருந்து ஒரு பாகத்தை வெட்டும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு. பெயிண்ட் போனதல்ல, தூசியும் அல்ல. இழுபட்ட பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் ஆயிரக்கணக்கில் திறந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் தள்ளி ஒரு வெட்டு, பிறகு நெருக்கி ஒரு வெட்டு என்று இரண்டாக வெட்டுகிறார்கள். வெட்டு விசை பாகத்துக்குள் இறங்காது.

அடுத்த விபத்து கறுப்பு மை. கவசத்தின் பள்ளங்களில் கோடு தெரிய எனாமல் மையை ஓடவிடுவார்கள், அழகாகத்தான் இருக்கும். பாலிஸ்டைரீன் கவசம் பெரும்பாலும் தாங்கிவிடும். உள்ளே இருக்கும் ஏபிஎஸ் சட்டகத்தில், ஒரு பின் இறுக்கமான துளையில் மாட்டியிருக்கும் இடத்தில், அந்த மை போய்த் தேங்கினால் நிலைமை வேறு. துளையின் சுவர் ஏற்கெனவே விரிந்து இழுபட்டிருக்கிறது. கரைப்பான் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து பிடியைத் தளர்த்துகிறது. இரண்டில் எது தனியாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் சில மணிநேரத்தில் இடுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். பொருளறிவியலில் இதற்குச் சூழல்சார் தகைவு விரிசல் என்று பெயர். மருந்து எளிது: பொருத்துவதற்கு முன்பே மை போட்டுக் காயவிடுங்கள்.

பெயிண்ட் அடிப்பவர்களுக்குச் சிங்கப்பூர் வைத்திருக்கும் தனிச் சோதனை ஒன்று உண்டு. கடைசிக் கோட்டாக மேட் ஸ்ப்ரே அடிக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் கறுப்பு ரோபோவின்மேல் சாம்பல் பூத்ததுபோல் வெண்மூட்டம். லேக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு பனிநிலைக்குக் கீழே இறங்கினால் காற்றின் நீர் ஈரமான படலத்துக்குள்ளேயே படிந்து சிக்கிக்கொள்கிறது. இங்கே கணக்கு முக்கியம். விடிவதற்கு முன் 25 டிகிரியும் 90 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும் இருக்கும்போது, பரப்பு ஒன்றரை டிகிரி குளிர்ந்தாலே பனி படியும். மழையில்லாத நாளின் நடுப்பிற்பகலில் வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. அப்போது ஏறக்குறைய 9 டிகிரி இடைவெளி கிடைக்கும். காற்றில் உள்ள நீரின் அளவு இரண்டு வேளையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆகவே வேலை முடிந்து வந்து, குழந்தைகள் தூங்கியபின், இரவு பதினோரு மணிக்கு அடிக்கும் ஸ்ப்ரேதான் அதிகம் பூக்கிறது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடியுங்கள். வீட்டின் பொது நடைவழியில் மட்டும் வேண்டாம். அண்டைவீட்டார் மூச்சுவிட வேண்டும்.

இரண்டு உலகமும் மோதும் இடம் உருமாறும் கிட். ஸீட்டா குண்டம் அதற்குச் சரியான உதாரணம். 2012இல் பண்டாய் அதை 1/144 அளவில் ‘ரியல் கிரேடு’ வரிசையில் வெளியிட்டது. உள்ளங்கையளவு உருவம், முழு உருமாற்றத்தோடு. பொறியியலாகப் பார்த்தால் வியக்கலாம். அதற்குப் பெயிண்ட் அடித்து உருமாற்றுவது வேறு விஷயம். பெயிண்ட் படலம் முப்பது நாற்பது மைக்ரான். நகரும் பாகங்களுக்கு நடுவில் விட்டிருக்கும் இடைவெளியும் அதே வரிசையில்தான். ஒருமுறை உருமாற்றினால் போதும், தோளோரம் பெயிண்ட் சுரண்டிவிடும். ஹசேகாவா நிறுவனம் இந்தச் சிக்கலைத் தலையைச் சுற்றிப் போகாமல் நேராகவே தீர்த்தது: அதன் 1/72 வால்கிரி கிட்டுகள் உருமாறாது. விமானம் வேண்டுமென்றால் விமானக் கிட், மனித உரு வேண்டுமென்றால் வேறு கிட். எனக்கு இதுதான் சரியான தீர்வாகப் படுகிறது. உருமாற்றம் பொம்மையிடம் இருக்கட்டும், கோடும் நிறமும் கிட்டிடம் இருக்கட்டும்.

அப்படியானால் ஜாலான் புசார் அலமாரியில் எது அதிக நாள் நிற்கும்? என் தீர்ப்பு கிட்டுக்குத்தான். வலிமையில் கிட் பொம்மைக்குக் கீழேதான். பாலிஸ்டைரீன் எளிதில் முறியும், கீழே விழுந்தால் கொம்பு உடையும். ஆனால் உடைந்த பாலிஸ்டைரீனைக் கரைப்பான் பசை ஒட்டுவதில்லை, பற்றவைக்கிறது: இரு பக்கமும் கரைந்து, சங்கிலிகள் கலந்து, காய்ந்தபின் ஒரே துண்டாகிறது. மூட்டுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் பாலிகேப் தளர்ந்தால் பிரித்து வேறு போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பாகம் எந்தப் பிளாஸ்டிக் என்று கிட் நமக்குச் சொல்கிறது. ரன்னரின் ஓரத்தில், எழுத்து போட்ட பட்டைக்குப் பக்கத்தில், பிஎஸ், ஏபிஎஸ், பிஇ என்று பொடி எழுத்தில் வார்த்திருப்பார்கள். உருமாறும் பொம்மைக்குள் பாலிஅசிட்டாலும் ஏபிஎஸ்ஸும் பிவிசியும் துத்தநாகமும் எஃகும் ரிவெட் அடித்து மூடிக் கிடக்கின்றன. எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது. நோய் வந்தபின் ஊகிப்பதுதான் வழி.

பொம்மைக் கட்சிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோபோவின் கையை நீட்டி வீரமாக நிறுத்தாதீர்கள். கீழே தொங்கவிட்டால் முறுக்குவிசை கிட்டத்தட்ட பூஜ்யம். நேர் வெயில் படாத சுவரில் அலமாரியை வையுங்கள். கிட் கட்சிக்காரர்களுக்கும் ஒன்று. வேலை முடிந்ததும் ரன்னர்களை மொத்தமாகக் குப்பையில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக்கின் பெயர் வார்த்த அந்தச் சிறு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, பொருத்திய ஆண்டைப் பேனாவால் எழுதி, ஒரு பாலிஎத்திலீன் பையில் போட்டு வைத்திருங்கள். பிவிசி பை வேண்டாம். இருபது வருடம் கழித்து அதே இடுப்பு உடைந்தால், எந்தப் பசை வாங்க வேண்டும் என்று அந்தத் துண்டைப் பார்த்துக் கடைக்காரரிடம் கேட்கலாம்.